பெருவிரலும் மங்கள விளக்கும்

வன்னிப் பிராந்திய உயர் அமுக்க ஒட்சிசன் காயமாற்று நிலையத்தை இதுவரை நான்கு தடவை திறந்திருக்கிறார்கள். அங்கே பூரண குணமடைந்தவர் என்று பதிவேட்டில் இருப்பது ஒரே ஒரு பெயர்: கந்தையா அப்புத்துரை, வயது ஐம்பத்தெட்டு, முரசுமோட்டை, தொழில் நெற்செய்கை. நான்கு திறப்புக்கு ஒரு குணம் என்பது மோசமான கணக்கல்ல என்பது நிலையப் பணிப்பாளரின் கருத்து. நாலு விழாவுக்கும் பக்கத்திலேயே படுத்திருந்தவர் அப்புத்துரை என்பதால், அவருடைய கருத்தையும் கொஞ்சம் கேட்பதுதான் நியாயம்.

ஆனி மாதம் வாய்க்கால் துப்புரவாக்கும்போது அவருடைய இடது கால் பெருவிரலுக்குக் கீழே ஏதோ குத்தியிருக்கிறது. அவருக்கு நீரிழிவு, குத்தியது தெரியவில்லை. மறுநாள் குசினி நிலத்தில் இரத்தத் தடம் கண்ட மனைவி விமலேஸ்வரி, கோழி ஏதோ அடிபட்டுவிட்டது என்று தடத்தின் பின்னாலே தேடிக்கொண்டு போனாள். தடம் கணவனின் கட்டிலடியில் போய் முடிந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் மருந்து கட்டியும் காயம் ஆறவில்லை. சத்திரசிகிச்சை வைத்தியர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்.

"ஐயா, விரலை வைச்சிருக்க ஒரு வழிதான் இருக்கு. கண்டாவளைப் பக்கம் புதுசா ஒரு ஒட்சிசன் கூடம் வந்திருக்கு. உள்ளுக்கப் படுக்க வைச்சு, அமுக்கத்தைக் கூட்டி, சுத்தமான ஒட்சிசன் குடுப்பினம். இரத்தம் போகாத இடத்துக்கும் ஒட்சிசன் போகும், காயம் ஆறும். கிழமைக்கு ஐஞ்சு நாளாய் முப்பது தரம் இருந்திட்டு, ஆறு கிழமையால வாங்கோ. அதுக்குள்ள ஆறாட்டி எடுக்கத்தான் வேணும்."

பெருவிரல்தானே, போனால் போகட்டும் என்று கதிரையில் இருந்து வேலை செய்பவர்கள் நினைக்கலாம். ஐப்பசி மழையில் வயல் வரம்பு விலாங்கு மீனின் முதுகு மாதிரி வழுக்கும். பெருவிரலைச் சேற்றில் குத்தி ஊன்றிக்கொண்டுதான் மற்றக் காலைத் தூக்க வேண்டும். நாற்பது வருடமாக அப்புத்துரை அப்படித்தான் நடந்தார். அந்த விரல் இல்லாவிட்டால் காலபோக நெற்செய்கையை அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டு வீட்டில் குந்தியிருக்க வேண்டும்.

அடுத்த நாளே புருசனும் பெண்சாதியும் நிலையத்துக்குப் போனார்கள். வெள்ளைக் கட்டடம், நடு மண்டபத்தில் ஆள் படுக்கக்கூடிய பெரிய கண்ணாடிக் குழாய், சுவரோரம் ஒட்சிசன் சிலிண்டர்கள். எல்லாம் தயார். ஆனால் குழாயைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டி, பிள்ளையாருக்கு வைத்தது போல ஒரு பூவும் செருகியிருந்தது.

குழாயை இயக்குபவன் அஜந்தன் என்கிற மெலிந்த பெடியன். கொழும்பில் ஆறு மாதம் பயிற்சி எடுத்து வந்தவன். அவன் அப்புத்துரையின் காலைத்தான் முதலில் பார்த்தான். அந்த நிலையத்தில் காலைப் பார்த்த ஆள் அவன் ஒருவன்தான்.

"ஐயா, பருத்தி உடுப்புத்தான் போட வேணும். போன், நெருப்புப் பெட்டி ஒண்டும் கூடாது. தலைக்கு எண்ணெயும் வைக்கக்கூடாது. ஒட்சிசன் கூடின இடத்தில ஒரு சின்னப் பொறி காணும், எல்லாம் பத்தி எரியும்."

"எண்ணெயுமோ?" என்று விமலேஸ்வரி கேட்டாள். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவள் கணவனின் தலைக்கு நல்லெண்ணெய் வைத்து வருபவள். "சரி தம்பி, இண்டையில இருந்து வைக்கமாட்டன். இப்ப ஆளை உள்ளுக்க விடுங்கோவன்."

"நாடா வெட்டினாத்தான் அம்மா கதவைத் திறக்கலாம். வாற புதன்கிழமைதான் திறப்பு விழா."

அந்த நேரம் பணிப்பாளர் ஜனார்த்தனன் வந்தார். கழுத்துப்பட்டி, சட்டைப்பையில் மூன்று நிறத்தில் பேனை. அப்புத்துரையின் முகத்தை இடப்பக்கமாகவும் வலப்பக்கமாகவும் பார்த்தார்.

"நல்ல களையான முகம். திருநீறும் எடுப்பாயிருக்கு. விழாவுக்கு இவரையே மாதிரி நோயாளியாய்ப் போடுங்கோ" என்று எழுதுவினைஞரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

விழாக் குழு கூடியது. கதவு திறந்திருந்ததால் வெளியே வாங்குப் பலகையில் இருந்த அப்புத்துரைக்கு எல்லாம் கேட்டது. நிகழ்ச்சி நிரலில் முதலாவது மங்கள விளக்கேற்றல். அஜந்தன் எழும்பி, குழாயோடு வந்த கைந்நூலை வாசித்துக் காட்டினான். குழாய் இருக்கும் மண்டபத்தில் எந்தச் சுவாலையும் இருக்கக்கூடாது என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

குழு திகைத்துப் போனது. பிறகு பணிப்பாளர் தொண்டையைச் செருமினார்.

"நிதானமாய் யோசிப்பம். விளக்கும் ஒட்சிசனும் ஒண்டாய் இருக்கேலாது. அப்ப ஒண்டை விடத்தான் வேணும். விளக்குக் கொளுத்தாத திறப்பு விழா இந்த மாகாணத்தில நடந்ததாய் நான் அறியேல்லை. ஒட்சிசன் இல்லாத வைத்தியம் எவ்வளவோ நடந்திருக்கு. ஆனபடியால் ஒட்சிசனை விடுவம்."

பிரேரணை ஏகமனதாக நிறைவேறியது. அன்று பிற்பகலே சுற்றறிக்கை வந்தது. பாதுகாப்பே நிலையத்தின் உயிர்நாடி என்பதால், விளக்கேற்றிய நாளிலிருந்து மூன்று நாட்களுக்கு ஒட்சிசன் திறக்கக்கூடாது. விழாவுக்கு முந்திய மூன்று நாட்களும் ஒத்திகைக்கும் அலங்காரத்துக்கும் உரியவை. சிலிண்டர்களை அந்த நாட்களில் களஞ்சிய அறையில் பூட்டி வைக்க வேண்டும்.

புதன்கிழமை மண்டபத்துக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, நிறைகுடம் வைத்து, ஆளுயரக் குத்துவிளக்கில் இரண்டு போத்தல் தேங்காய் எண்ணெய் ஊற்றினார்கள். எண்ணெய் வைக்காத பறட்டைத் தலையோடு அப்புத்துரை குழாய்க்குள்ளே படுத்திருந்தார். மூச்சு முட்டாமல் இருக்கக் கதவை நாலு விரல் நீக்கி விட்டிருந்தார்கள். அந்த நீக்கலால் காற்று வந்ததோ இல்லையோ, பேச்சு வந்தது. வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, ஐந்து வாழ்த்துரை. பிரதம விருந்தினர் மாகாணத்துப் பெரியவர். அவர் குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"காற்று எல்லாருக்கும் பொதுவானது என்று சொல்லுவார்கள். அது பழைய கதை. இந்தக் காற்று எங்கள் நிர்வாகத்தின் முயற்சியால் உங்களுக்குக் கிடைத்த காற்று. இதைச் சுவாசிக்கும் ஒவ்வொரு நோயாளியும் எங்களை நினைத்துக்கொண்டுதான் சுவாசிக்க வேண்டும்."

கைதட்டல். அஜந்தன் குனிந்து, "ஐயா, கையைக் காட்டட்டாம்" என்றான். அப்புத்துரை கையைக் காட்டினார். படம் எடுத்தார்கள். பதிவேட்டில் "அமர்வு 1, இரண்டேகால் மணித்தியாலம், நோயாளி ஒத்துழைத்தார்" என்று எழுதப்பட்டது.

"எப்பிடியப்பா இருந்தது?" என்று விமலேஸ்வரி கேட்டாள்.

"அமுக்கம் நல்லாத்தான் இருந்தது. ஒட்சிசனைத்தான் காணேல்லை."

மூன்று நாள் கழித்து உண்மையாகவே ஒரு நாள் வந்தது. அஜந்தன் கதவை இறுக்கிப் பூட்டி, திருகைத் திறந்தான். காது அடைத்தது. எச்சில் விழுங்கச் சொல்லிக் கண்ணாடிக்கு வெளியே தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினான். விழுங்க, காது விட்டது. ஒன்றரை மணித்தியாலம் ஒரு சத்தமும் இல்லை. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் மருந்து கட்டும்போது விமலேஸ்வரி கத்தினாள்: "இஞ்ச பாருங்கோ, கரையில சிவப்பாய் சதை வருது!" செத்துப்போய்க் கிடந்த காயத்தின் ஓரத்தில், முளைகட்டிய நெல்லைப் போல ஒரு மெல்லிய புதுச்சதை. அப்புத்துரை அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். விதைப்புக்கு நான் நிற்பேன் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னார்.

மறுநாள் போனால் களஞ்சிய அறைக்குள் சிலிண்டர்களை உருட்டிக்கொண்டிருந்தார்கள். மாகாணம் திறந்தது கொழும்புக்குப் பிடிக்கவில்லையாம். குழாய்க்குக் காசு கொடுத்தது தாங்கள், வாசலில் பெயர்க்கல் அவர்களுடையதா என்று கேட்டு, திரும்பத் திறக்கச் சொல்லியிருந்தார்கள். பழைய கல்லைக் கழற்றிக் களஞ்சியத்தில் வைத்துவிட்டு, புதுக்கல் பதித்து, நாடாவை முடிந்து கட்டி, மறுபடி வெட்டினார்கள். விளக்கு எரிந்தது. அப்புத்துரை கை காட்டினார். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு நாள்தான் காற்றுக் கிடைத்தது.

மூன்றாவது திறப்பு, குழாயை உண்மையிலேயே வாங்கிக் கொடுத்த வெளிநாட்டுச் சங்கத்தார் பார்க்க வந்தபோது. அவர்களுக்கு விளக்கைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது. நாலைந்து பேர் வாசலைத் தாண்டி உள்ளே வரவே இல்லை. நம்முடைய பண்பாட்டைக் கண்டு மெய்சிலிர்த்து நிற்கிறார்கள் என்று பணிப்பாளர் சபைக்கு விளக்கம் சொன்னார்.

நாலாவது விழா நிலையம் தரமுயர்த்தப்பட்டதற்கு. தரம் உயர்ந்ததற்குக் காரணம் அமர்வுகளின் எண்ணிக்கை. விழா மட்டுமல்ல, ஒத்திகைகளில் படுத்ததும் அமர்வாகவே பதியப்பட்டிருந்தது. ஒரு நாளைக்கு மூன்று ஒத்திகை என்றால் மூன்று அமர்வு.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடங்கொடுக்கான் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த விமலேஸ்வரி, ஒரு நாள் நேரே பணிப்பாளரின் அறைக்குள் போனாள்.

"ஐயா, அந்த விளக்கைக் கொளுத்தாமல் விட்டால் என்ன? காத்துப் பிடிச்ச நாளெல்லாம் சதை வளந்தது. இப்ப திரும்பக் கறுக்குது."

பணிப்பாளர் நெஞ்சில் கை வைத்தார். "அம்மா, நீங்கள் ஒரு சைவப் பொம்பிளை. விளக்கு வேண்டாமெண்டு உங்கட வாயால சொல்லலாமோ?"

"என்ர வீட்டிலயும் விளக்குக் கொளுத்துறனான்தான். சாமி அறையில. காஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில இல்லை."

அவருக்கு அது புண்படவில்லை. நிர்வாகிகளுக்குப் புண்படுவதில்லை, அதனால்தான் அவர்களைக் காயமாற்று நிலையத்துக்குப் போடுகிறார்கள் போலும். அஜந்தன் பக்கத்தில் நின்று, மின்குமிழ் விளக்கு வைக்கலாமே என்றான். மின்குமிழ் மங்களமானதா என்று ஆராய ஒரு உபகுழு அமைக்கப்பட்டது. உபகுழுவின் முதற் கூட்டம் விளக்கேற்றலுடன் ஆரம்பமானது.

ஆறு கிழமை முடிந்தது. சத்திரசிகிச்சை வைத்தியர் பதிவேட்டின் பிரதியைப் பார்த்துவிட்டுக் காலைப் பார்த்தார். திரும்பவும் பதிவேட்டைப் பார்த்தார்.

"முப்பத்தொரு தரம் இருந்திருக்கிறியள். பிறகேன் ஆறேல்லை?"

"நாலு தரந்தான் ஐயா காத்து. மிச்சம் பேச்சு."

பழுது எலும்புக்குப் போய்விட்டது. அடுத்த நாள் விரலை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து கட்டுப்போட்ட காலைப் பார்த்தபோது அப்புத்துரைக்கு அழுகை வந்தது. ஷெல் விழுந்த காலத்தில் கூட முழுசாகக் கொண்டு வந்த காலை, திறப்பு விழாவில் தொலைத்துவிட்டோமே என்று மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவளும் அழுதாள். அந்தக் காலபோகம் அவருடைய வயலை விசுவமடுவில் இருந்து வந்த ஒருவன் குத்தகைக்கு விதைத்தான்.

வெட்டிய இடம் ஆறி இரண்டு மாதத்தில் பணிப்பாளர் வீடு தேடி வந்தார். கையில் ஒரு படிவம்.

"இப்ப காலில காயம் இருக்கோ?"

"விரலே இல்லை, ஐயா."

"நான் விரலைக் கேக்கேல்லை. காயம் இருக்கோ?"

"...இல்லை."

பச்சைப் பேனையை எடுத்துப் பெட்டிக்குள் சரி போட்டார். "பூரண குணம்! நீங்கள்தான் எங்கட முதல் வெற்றி. வாற வெள்ளிக்கிழமை வெற்றி விழா. முதல் விளக்கை நீங்கள்தான் ஏத்துறீங்கள்."

போவதில்லை என்றுதான் இருந்தார். ஆனால் அஜந்தன் தொலைபேசியில் ஒரு விசயம் சொன்னான். முல்லைத்தீவில் இருந்து நாச்சியா என்று ஒரு அம்மா வந்திருக்கிறா, குதிக்காலில் காயம், பத்து நாளாக வாங்கில் காத்திருக்கிறா, இனி அவவும் மாதிரி நோயாளியாம். அப்புத்துரை சால்வையை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் பருத்திச் சேலையை முக்காடிட்டபடி நாச்சியா வாங்கில் இருந்தா. பணிப்பாளர் அவவைத் தெரிவுசெய்ததற்குக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்: போன முறை ஒரு சமூகம், இந்த முறை இன்னொரு சமூகம், படத்தில் நல்லிணக்கம் தெரிய வேண்டும்.

"அண்ணே, நீங்க சுகமானவராமே?" என்று நாச்சியா கேட்டா. "அந்த மெசினுக்குள்ள போனா என்ட காலும் தப்புமா? காலை எடுத்துப்போட்டா ஆருமில்ல எனக்கு, தண்ணி அள்ளவும் நான்தான்."

அப்புத்துரை செருப்பைக் கழற்றி, தன் சுகத்தைக் காட்டினார். அவ வாயைப் பொத்திக்கொண்டா.

"மெசின் நல்லது அக்கா" என்றார் அவர். "மெசினில ஒரு பிழையும் இல்லை. நீங்கள் தைரியமாய் உள்ளுக்கப் படுங்கோ."

சுபவேளை பத்து மணி பன்னிரண்டு நிமிடம். அது தவறினால் ராகுகாலம் தொடங்கிவிடும், பிறகு அன்றைக்கு நல்ல நேரமில்லை என்று அழைப்பிதழிலேயே போட்டிருந்தது. களஞ்சிய அறை முழுக்கப் பழைய பெயர்க்கற்கள் அடுக்கியிருந்ததால் சிலிண்டர்களுக்கு இடமில்லை. திருகை மூடிப் பூட்டி, சுவரோரமே விட்டிருந்தார்கள். நாச்சியாவைக் குழாய்க்குள் படுக்க வைத்தாயிற்று. நிலமெல்லாம் மஞ்சள் தண்ணீர். குத்துவிளக்கில் எண்ணெய் தளும்பியது.

"எமது சிகிச்சையால் பூரண குணமடைந்து, இன்று காயமே இல்லாத காலோடு நடந்து வருகிறார், திரு. அப்புத்துரை!" என்று பணிப்பாளர் முழங்கினார்.

அப்புத்துரை மங்கள நிகழ்வென்று செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். பத்துப் பன்னிரண்டுக்கு எரியும் மெழுகுதிரியைக் கையில் கொடுத்தார்கள். கண்ணாடிக்குள்ளிருந்து நாச்சியா பார்த்துக்கொண்டிருந்தா. கையைக் காட்டச் சொல்லியிருப்பார்கள் போல, காட்டினா. அவர் இடது காலை ஊன்றினார். ஈர நிலத்தைப் பிடிக்க அங்கே விரல் இருக்கவில்லை. உடம்பு ஒரு சுற்றுச் சுற்ற, மெழுகுதிரி மஞ்சள் தண்ணீரில் விழுந்து அணைய, அப்புத்துரை ஆளுயரக் குத்துவிளக்கைக் கட்டிப்பிடித்தபடி தொப்பென்று சாய்ந்தார். இரண்டு போத்தல் எண்ணெயும் மாவிலைத் தோரணத்தின் கீழே ஓடியது.

தூக்கினார்கள், துடைத்தார்கள், நெருப்புப் பெட்டியைத் தேடினார்கள். எண்ணெய்க்கு ஆள் அனுப்பினார்கள். அதற்குள் சுபவேளை போய்விட்டது. ராகுகாலத்தில் ஏற்றுவது அமங்களம் என்று அதே குழு ஏகமனதாகத் தீர்மானித்து, நேரே உரைகளுக்குப் போகச் சொன்னது. எண்ணெயைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி முடித்த அஜந்தன் பணிப்பாளரின் காதில் ஏதோ கேட்டான்.

"விளக்குக் கொளுத்தேல்லை, சேர். சுற்றறிக்கைப்படி ஒட்சிசன் திறக்கத் தடை இல்லைத்தானே?"

பணிப்பாளர் யோசித்தார். சுற்றறிக்கை அவருடையது, மீறவும் முடியாது. "தடை இல்லை. அமுக்கமானி ஊசி ஆடினால் விருந்தினருக்கும் காட்டலாம்" என்றார்.

அஜந்தன் குழாயின் கதவை இறுக்கிப் பூட்டினான். திருகைத் திறந்தான். கண்ணாடிக்கு வெளியே நின்று தொண்டையைத் தொட்டுக் காட்டினான். நாச்சியா எச்சில் விழுங்கினா. அவவின் முகம் மெல்லத் தெளிந்ததை அப்புத்துரை கண்டார்.

அந்தக் கூட்டம் முழுவதிலும் பேச்சு ஒன்றுகூடக் காதில் விழாத ஒரே ஆள் நாச்சியாதான்.

ஒன்றரை மணித்தியாலம் வேண்டும். அப்புத்துரை முன்வரிசைக் கதிரையில் இருந்து, வாழ்க்கையில் முதன்முதலாக, பேச்சு நீள வேண்டுமே என்று பிள்ளையாரை வேண்டினார். ஒருவர் முடிக்கப் போனால் பலமாகக் கைதட்டினார். கைதட்டல் கேட்டவர்கள் இன்னும் பத்து நிமிடம் பேசினார்கள். பிரதம விருந்தினர் தன் பள்ளிப் பருவத்துக்கே போய் வந்தார். அப்படியும் நன்றியுரை முடியும்போது அஜந்தன் தூரத்தில் நின்று பத்து விரலையும் விரித்துக் காட்டினான்.

"நானும் ரண்டு சொல்லுச் சொல்லட்டோ?" என்று அப்புத்துரை எழும்பினார்.

மேடையில் இருந்த எல்லாருக்கும் பெயர் சொல்லி நன்றி சொன்னார். பிறகு நாலு பெயர்க்கற்களிலும் இருந்தவர்களுக்கு. படுத்துக்கிடந்து வாசித்ததில் பெயர், பதவி, பட்டம் எல்லாம் அவருக்கு மனப்பாடம். கதிரை தந்தவர்கள், ஒலிபெருக்கி கட்டினவர்கள், பாண்ட் வாத்தியப் பிள்ளைகள், உபகுழு, விளக்கு. "விளக்குக்கும்..." என்று அவர் இழுத்துக்கொண்டு நின்றபோது, அஜந்தன் கையை உயர்த்தினான். அந்த இடத்திலேயே ஒலிவாங்கியை வைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

பணிப்பாளருக்குக் கண் கலங்கியிருந்தது. "என்ன அருமையான பேச்சு! இனி எங்கட எல்லா விழாவுக்கும் முதல் விளக்கு நீங்கள்தான்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

விமலேஸ்வரி கணவனின் எண்ணெய் படிந்த வேட்டியைப் பிழிந்தபடி மெதுவாகக் கேட்டாள்: "உண்மையைச் சொல்லுங்கோ. விழுந்தனீங்களோ, விழுத்தினனீங்களோ?"

"பெருவிரல் இல்லாதவன் வழுக்கி விழுறது வழமைதானேயப்பா."

"அடுத்த முறை பயப்பிடாதேங்கோ, ஐயா" என்றார் பணிப்பாளர். "வழுக்காமல் இருக்கக் கம்பளம் விரிச்சுத் தாறன்."

அப்புத்துரை பதறிப்போனார். "ஐயோ, அது வேண்டாம் ஐயா. மஞ்சள் தண்ணி தெளிச்ச நிலந்தான் மங்களம்."